மாற்றலாகிச் சென்ற தலைமைச் சகோதரி, காலாவதியான டொமைன்: ஒரு கத்தோலிக்கப் பள்ளி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெண் துறவியர் சபை ஒன்று நடத்தும் பள்ளி இது. சுமார் 900 மாணவியர், 46 ஆசிரியர்கள்; ஆசிரியர்களில் 5 பேர் அருட்சகோதரிகள். பள்ளி, விடுதி, கன்னியர் இல்லம், சிற்றாலயம் ஆகிய நான்கும் ஒரே வளாகத்துக்குள் இருக்கின்றன. அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் இந்தப் பதிவில் விடப்பட்டுள்ளன.

பள்ளிக்குச் சொந்தமாக ஒரு டாட் ஆர்க் டொமைன், அதாவது இணைய முகவரிப் பெயர், இருந்தது. ஆசிரியர், மாணவியர் அனைவருக்கும் அதே டொமைனில் மின்னஞ்சல் முகவரி. கூகுள் ஒர்க்ஸ்பேஸின் பள்ளிகளுக்கான இலவசப் பதிப்பில் கிளாஸ்ரூம், டிரைவ், மின்னஞ்சல் மூன்றும் இயங்கின. வெளி நிறுவனம் ஒன்றின் தேர்வுத் தளம், நூலகப் பட்டியல், கட்டணச் செயலி ஆகியவை தனித்தனியானவை. ஆனால் அவை எல்லாமே ஓடிபியையும் கடவுச்சொல் மாற்றும் இணைப்பையும் பள்ளி மின்னஞ்சலுக்குத்தான் அனுப்பும்.

இதை எல்லாம் கட்டி எழுப்பியவர்கள் இரண்டு பேர். ஒருவர் அன்றைய தலைமையாசிரியரான சகோதரி. மற்றவர் சபையைச் சேராத கணினி ஆசிரியர். நிகழ்வுக்கு 2 ஆண்டுகளுக்கு முன் கணினி ஆசிரியர் வேறு வேலைக்குப் போனார். நிகழ்வு நடந்த கல்வியாண்டின் தொடக்கத்தில், 6 ஆண்டுப் பொறுப்புக்குப் பின், தலைமைச் சகோதரிக்கு வேறு கண்டத்திலுள்ள சபை இல்லத்துக்கு மாற்றல் வந்தது. புதிய தலைமையாசிரியர் வந்து 3 வாரத்தில் பள்ளி திறந்தது.

பொறுப்பு ஒப்படைப்பில் குறை சொல்ல இடமில்லை. அறைச் சாவி, பீரோச் சாவி, ஆய்வகச் சாவி என 43 சாவிகள் அட்டை கட்டி, பதிவேட்டில் வரிசை எண்ணோடு எழுதி, இருவரும் கையெழுத்திட்டிருந்தார்கள். தான் பயன்படுத்திய கைபேசியையும் சகோதரி இல்லத்திலேயே வைத்துவிட்டுப் போனார். துறவற ஏழ்மை வார்த்தைப்பாட்டின்படி அது அவருடைய சொந்தப் பொருள் அல்ல, இல்லத்தின் பொருள். அந்த சிம்மை அதன் பிறகு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. எண் துண்டிக்கப்பட்டது. பின்னால் நடந்த பாதிச் சிக்கலுக்கு இந்த ஒரு சிம்தான் காரணம்.

முதல் 4 நாட்கள்

பள்ளி திறந்த இரண்டாம் வாரத் திங்கட்கிழமை காலையில், வெளியிலிருந்து மின்னஞ்சல் எதுவும் வரவில்லை என்று அலுவலகம் சொன்னது. அதே நேரத்தில் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிய கடிதங்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. கிளாஸ்ரூம் திறந்தது, டிரைவ் திறந்தது. பள்ளி இணையதளம் சிலருக்குத் தெரிந்தது. சிலருக்கு முன்பின் தெரியாத விளம்பரப் பக்கம் வந்தது. ஆகவே இணைய இணைப்பு விட்டுவிட்டு வருகிறது என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள்.

செவ்வாயன்று இணைய சேவை நிறுவனத்தின் பணியாளர் வந்து ரவுட்டரை மாற்றினார். மாற்றும்போது, இணையப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையின் முகவரியைப் பொதுவான ஒன்றாக வைத்துவிட்டுப் போனார். தகாத தளங்களைத் தடுக்கும் பள்ளியின் உள்ளடக்க வடிகட்டி, முன்பு வைத்திருந்த டிஎன்எஸ் வழியாகத்தான் இயங்கியது. அதாவது, செவ்வாய் நண்பகலிலிருந்து மாணவியர் பயன்படுத்தும் 62 மடிக்கணினிகளுக்கும் 30 டேப்லெட்களுக்கும் வடிகட்டியே இல்லை. எல்லாம் திறந்ததே தவிர எதுவும் நின்றுபோகவில்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை. வடிகட்டி அதிகமாகத் தடுத்தால் உடனே புகார் வரும். வேலை செய்யாமலே போனால் யாரும் வாய் திறப்பதில்லை.

புதன்கிழமை அலுவலக உதவியாளர் 46 ஆசிரியர்களின் கடவுச்சொற்களையும் மாற்றினார். பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் வரையறுக்கப்பட்ட அதிகாரம் அவருக்கு இருந்தது. விளைவாக எல்லோருடைய கைபேசிகளும் கணக்கிலிருந்து வெளியேறின. இருபடிச் சரிபார்ப்பு வைத்திருந்த 7 பேர் மீண்டும் உள்ளே நுழைய முடியாமல் நின்றார்கள். வியாழனன்று சபையின் கல்விப் பணிக்குழுவுக்குத் தகவல் போனது. அங்கிருந்து 2 பேர் கொண்ட தொழில்நுட்ப உதவிக் குழு வந்தது.

கண்டறிந்தவை

குழு முதலில் பார்த்தது டொமைனின் பொதுப் பதிவை. 15 நாட்களுக்கு முன்பே அது காலாவதியாகியிருந்தது. புதுப்பிப்புக் கட்டணம் வராததால் 12ஆம் நாள், அதாவது அந்தத் திங்கட்கிழமை, டொமைனைப் பதிவு செய்து தந்த பதிவாளர் நிறுவனம், டொமைன் எந்தச் சேவையகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பெயர்வழங்கிகளை மாற்றித் தன் விளம்பரப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது.

அறிகுறிகள் குழப்பமாக இருந்ததற்கும் விளக்கம் கிடைத்தது. ஒர்க்ஸ்பேஸில் நுழைவதற்கு டொமைன் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. ஒரே டொமைனுக்குள் போகும் கடிதங்கள் வெளியே போய்ச் சுற்றிவருவதும் இல்லை. எனவே உள்ளே எல்லாம் நலம். வெளியிலிருந்து வரும் கடிதம் மட்டும், எங்கே சேர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைத் தேடி, அது இல்லாமல், விளம்பர சேவையகத்தின் கதவைத் தட்டி நின்றது. இணையதளம் சிலருக்கு மட்டும் தெரிந்ததற்குக் காரணம், பழைய முகவரியை அவர்களது சேவை நிறுவனம் தற்காலிகமாக நினைவில் வைத்திருந்தது. பள்ளியிலிருந்து வெளியே போன கடிதங்களோ அனுப்புநரை உறுதிசெய்யும் எஸ்பிஎஃப் பதிவு மறைந்துபோனதால் பெற்றோரின் ஸ்பேம் பெட்டிகளில் விழுந்தன. ரவுட்டரையும் கடவுச்சொற்களையும் தொடும் முன், டொமைனின் காலாவதித் தேதியை யாராவது ஒருவர் பார்த்திருந்தால் 2 நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

பதிவாளரிடம் உள்ள கணக்கு யாருடையது? பொதுப் பதிவில் உரிமையாளர் விவரம் மறைக்கப்பட்டிருந்தது. விடை பொருளாளர் சகோதரியின் செலவுச் சீட்டுக் கோப்பில் இருந்தது. முந்தைய புதுப்பிப்புக்கான தொகையைக் கணினி ஆசிரியர் தன் சொந்த அட்டையில் கட்டி, ரசீதை இணைத்துப் பள்ளியிடம் திரும்பப் பெற்றிருந்தார். அந்த ரசீதில் அவருடைய தனிப்பட்ட மின்னஞ்சல் முகவரி இருந்தது. நிறுவனத்தின் பெயருக்கான கட்டம் காலியாக இருந்தது. ஒப்பந்தப்படி பார்த்தால் அந்த டொமைன் பள்ளியுடையதே அல்ல. 2 ஆண்டுகளுக்கு முன் விலகிய ஒருவரின் தனிச்சொத்து.

டாட் ஆர்க் போன்ற பொது வகை டொமைன்களில், காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், காலாவதியான பின் 5 நாட்களுக்குள்ளும் பதிவாளர் நினைவூட்ட வேண்டும் என்பது டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் விதி. மூன்று நினைவூட்டல்களும் ஒழுங்காகவே போயிருந்தன. ஆனால் சேர்ந்த இடம் பழைய ஆசிரியரின் ஸ்பேம் பெட்டி. தானியங்கிப் புதுப்பிப்பும் இயக்கத்தில்தான் இருந்தது. அதில் சேமித்திருந்த அட்டையின் காலம் முடிந்திருந்தது.

அடுத்து ஒர்க்ஸ்பேஸ். முழு அதிகாரம் கொண்ட தலைமை நிர்வாகி கணக்குகள் இரண்டு இருந்தன. ஒன்று கணினி ஆசிரியருடையது. அவர் விலகியபோது அலுவலகம் கேட்டுக்கொண்டதால் சகோதரி அதை நீக்கியிருந்தார். மற்றொன்று சகோதரியின் பெயரிலேயே இருந்தது. கடவுச்சொல் அவருக்கு நினைவிருந்தது. ஆனால் இரண்டாம் படி எண் அந்தத் துண்டிக்கப்பட்ட சிம்முக்குத்தான் போகும். பள்ளிக்குள் இருந்த யாராலும் மேல்நிலை அமைப்புகளைத் தொட முடியவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

புதிய டொமைன் வாங்கிவிடலாம் என்ற யோசனை ஆசிரியர் அறையில் வலுவாக எழுந்தது. குழு அதை ஏற்கவில்லை. கைவிடப்பட்ட டொமைனை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவர் அதில் ஒரு மின்னஞ்சல் சேவையை அமைத்துவிட்டால் தேர்வுத் தளம், கட்டணச் செயலி, நூலகம் ஆகியவற்றின் கடவுச்சொல் மாற்று இணைப்புகள் அவரிடம் போய்ச் சேரும். பள்ளியின் பெயரில் பெற்றோருக்குப் பணம் கேட்டும் எழுதலாம். டொமைனை மீட்பது வசதிக்காக அல்ல, பாதுகாப்புக்காக என்று புதிய தலைமையாசிரியரிடம் விளக்கிய பிறகே மற்ற வேலைகள் தொடங்கின.

நேரக் கணக்கு இது. காலாவதியான பின் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்க 45 நாட்கள் வரை அவகாசம் கிடைக்கலாம். எத்தனை நாள் என்பது பதிவாளரின் விருப்பம். அது கடந்தால் 30 நாள் மீட்புக் காலம். அதில் கட்டணம் பல மடங்கு. அதுவும் கடந்தால் 5 நாள் நீக்கக் காத்திருப்பு, பிறகு டொமைன் பொதுச்சந்தைக்கு வந்துவிடும். குழு வந்தது 15ஆம் நாள். அவசரம்தான், ஆனால் பதற வேண்டிய அவசரமில்லை.

வேறொருவரின் டொமைனுக்குக் கட்டணம் மட்டும் செலுத்த சில பதிவாளர்கள் அனுமதிப்பதுண்டு. கட்டுப்பாடு கையில் வராது என்றாலும் நாட்கள் கிடைக்கும். இந்தப் பதிவாளர் அனுமதிக்கவில்லை. எஞ்சிய வழி அந்த ஆசிரியரே.

அவர் வேண்டுமென்றே செய்தார் என்ற பேச்சு அதற்குள் பரவியிருந்தது. அப்படிக் கருத ஆதாரம் எதுவும் இல்லை. எனவே அவரை அழைப்பவர் தலைமையாசிரியராகவே இருக்கட்டும், முதல் வாக்கியம் நன்றியாக இருக்கட்டும் என்று குழு கேட்டுக்கொண்டது. வெள்ளி மாலை பேசினார்கள். சனிக்கிழமை காலை அவரே கணினி முன் அமர்ந்தார். அவருடைய கடவுச்சொல்லைப் பள்ளி கேட்கவில்லை. செய்தவை இந்த வரிசையில்: முதலில் பள்ளியின் கணக்கிலிருந்து கட்டணம் செலுத்திப் புதுப்பிப்பு, பின்பு பதிவாளரிடமே பள்ளியின் பெயரில் புதிய கணக்கு, அந்தக் கணக்குக்கு டொமைனை உள்மாற்றம், கடைசியாக உரிமையாளர் பெயரைச் சபையின் சட்டப்பூர்வப் பெயருக்குத் திருத்துதல். இந்த வரிசையைக் குழப்பக் கூடாது. உரிமையாளர் விவரத்தை மாற்றியதும் வேறு பதிவாளருக்குப் போக முடியாதபடி 60 நாள் பூட்டு விழுவது வழக்கம். புதுப்பிக்காமலே மாற்றத் தொடங்கினால் அரைவழியில் காலாவதி குறுக்கிடும்.

புதிய கணக்கின் தொடர்பு மின்னஞ்சல் எது என்பதில் ஒரு சிறு விவாதம். பள்ளி முகவரியையே கொடுத்தால் டொமைன் மறுபடி விழும் நாளில் எச்சரிக்கையும் அதோடு விழும். பூட்டின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போலாகும். சபையின் வட்டார நிர்வாக மையமான மாகாணத் தலைமை இல்லத்தின் வேறு டொமைன் முகவரி முதன்மையாகவும், பள்ளி டொமைனைச் சாராத பொது மின்னஞ்சல் சேவையில் பள்ளி அலுவலகத்துக்கு உள்ள முகவரி இரண்டாவதாகவும் தரப்பட்டன.

அன்று மாலைக்குள் பெயர்வழங்கிகள் திரும்பின. அனுப்பும் சேவையகங்கள் பொதுவாக 4, 5 நாட்கள் வரை திரும்பத் திரும்ப முயலும் என்பதால் புதன், வியாழன், வெள்ளியில் அனுப்பப்பட்டவை சனி இரவு மொத்தமாக வந்து குவிந்தன. திங்கட்கிழமைக் கடிதங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே அனுப்பியவருக்கே திரும்பிப் போயிருந்தது. அந்த நாளில் எழுதியிருக்கக்கூடிய 11 அலுவலகங்களின் பட்டியலைத் தயாரித்துப் பொருளாளர் சகோதரி ஒவ்வொன்றுக்கும் தொலைபேசியில் பேசினார்.

டொமைன் கைக்கு வந்ததால் ஒர்க்ஸ்பேஸ் மீட்பும் முடிந்தது. தலைமை நிர்வாகி இல்லாத நிலையில், கேட்கப்படும் ஒரு பதிவை டொமைனின் டிஎன்எஸ்ஸில் சேர்த்துக் காட்டினால் உரிமை உறுதியாகும். 2 நாள் ஆனது. வடிகட்டி வியாழன் மாலையே சரிசெய்யப்பட்டிருந்தது. கூடவே, வடிகட்டியின் முகவரியைத் தவிர வேறு டிஎன்எஸ்ஸுக்கு உள்ளிருந்து கேள்விகள் போகும் 53ஆம் எண் வாயில் (போர்ட்) ரவுட்டரில் மூடப்பட்டது. இனி யாராவது ஒரு கருவியில் முகவரியை மாற்றினால் அந்தக் கருவிக்கு இணையமே வராது. உடனே புகார் வரும். விரும்பியதும் அதுதான்.

சகோதரியின் அஞ்சல் பெட்டி

தலைமை நிர்வாகி அதிகாரம் கிடைத்ததும், முன்னாள் தலைமையாசிரியரின் பெட்டியைத் திறந்து தேவையான கடிதங்களை எடுத்துக்கொள்ளலாம் என்று அலுவலகம் கேட்டது. தொழில்நுட்ப வழியில் அது 3 நிமிட வேலை. குழு மறுத்தது. 6 ஆண்டுகளாக மாணவியரும் பெற்றோரும் வீட்டுத் துயரங்களை எழுதிய பெட்டி அது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியிடக் கூடாது என்ற முத்திரை குருவானவருக்கு மட்டுமே உரியது, இதற்குப் பொருந்தாது. ஆனால் ஒரு துறவியிடம் நம்பி எழுதியவர், அடுத்து வருபவர் அதைப் படிப்பார் என்று எண்ணி எழுதியிருக்க மாட்டார். சகோதரிக்குத் தற்காலிக அனுமதி கொடுத்து, காணொலி அழைப்பில் இருந்தபடி, பள்ளிக்குரிய 64 கோப்புகளை அவரே பகிர்வு டிரைவுக்கு மாற்றினார். பிறகு கணக்கு இடைநிறுத்தப்பட்டது, நீக்கப்படவில்லை.

நீக்காததற்குக் காரணம் கணினி ஆசிரியரின் கணக்கு. நீக்கிய கணக்கை 20 நாட்களுக்குள்தான் மீட்க முடியும். 2 ஆண்டுகளுக்கு முன் அதை நீக்கியபோது கோப்புகளின் உரிமையை யாருக்கும் மாற்றவில்லை. அவர் உரிமையில் இருந்த வினா வங்கியும் ஆய்வகப் பயிற்சித் தாள்களும் அன்றே போய்விட்டன. இந்த நிகழ்வில் திரும்பவே கிடைக்காத இழப்பு அது ஒன்றே.

புதுநன்மைப் பட்டியல்

பகிர்வுகளைச் சரிபார்த்தபோது வேறொன்று வெளிப்பட்டது. இதற்கும் டொமைனுக்கும் தொடர்பில்லை, ஆனால் தீவிரம் அதைவிட அதிகம். மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர் புதுநன்மை, உறுதிபூசுதல் ஆகிய அருள்சாதனங்களுக்கான (திருச்சபைச் சடங்குகளுக்கான) ஆயத்தத்துக்காக 118 பிள்ளைகளின் விவரங்களை ஒரு விரிதாளில் தொகுத்திருந்தார். பெயர், திருமுழுக்கு நாள், பங்கு (குடும்பம் சேர்ந்த கோவில்), பதிவேட்டு எண் ஆகியவற்றோடு, பெற்றோரின் திருமணம் கோவிலில் நடந்ததா என்று ஒரு கட்டம், அதற்கடுத்துக் குறிப்புகளுக்கு ஒரு கட்டம். தாள், இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற நிலையில் இருந்தது. விடுபட்ட விவரத்தைப் பெற்றோரே சரிபார்க்கட்டும் என்று அந்த இணைப்பு வாட்ஸ்அப் குழுவில் போடப்பட்டிருந்தது.

அனுப்பியவரின் எண்ணம் நல்லது. ஆனால் ஒரு குடும்பத்தின் திருமண நிலையை மற்றக் குடும்பங்கள் எல்லாம் பார்க்க முடிந்தது. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 220ஆம் சட்டம் ஒருவரின் நற்பெயரையும் அந்தரங்கத்தையும் காக்கச் சொல்கிறது. அரசுச் சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும். குழு அளவுகோலாக எடுத்துக்கொண்டது ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையை. சமய நம்பிக்கை சார்ந்த தரவை அது தனிப்பாதுகாப்பு தேவைப்படும் வகையில் வைக்கிறது. கசிவு தெரிந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்கச் சொல்கிறது.

இணைப்பு அந்த நிமிடமே மூடப்பட்டது. யார் யார் பார்த்தார்கள் என்று அறிய வழியில்லை. அப்படிப்பட்ட இணைப்பில் கணக்கில் நுழையாமல் பார்ப்பவரின் பெயர் பதிவாகாது. கமுக்கமாகத் திருத்திவிட்டு நகர்ந்துவிடலாம் என்ற கருத்தும் எழுந்தது. தலைமையாசிரியர் அதை ஏற்காமல், மறுநாளே எல்லாக் குடும்பங்களுக்கும் அச்சிட்ட கடிதம் அனுப்பினார். எந்தெந்த விவரம், எத்தனை நாள் திறந்திருந்தது, இப்போது என்ன செய்யப்பட்டது என்பது மட்டும் அதில் இருந்தது. குறிப்புக் கட்டத்தில் ஏதேனும் எழுதப்பட்டிருந்த 9 குடும்பங்களோடு அவரே நேரில் பேசினார். மின்னஞ்சலில் அனுப்பாததற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு: அந்த வாரத்தில் பள்ளியின் கடிதங்கள் இன்னமும் ஸ்பேமில் விழுந்துகொண்டிருந்தன.

திருமணக் கட்டம் தேவையா என்று பங்குத்தந்தையிடம் கேட்கப்பட்டது. ஆயத்த வகுப்புக்குத் தேவையில்லை, தேவைப்படும் இடத்தில் தானே பெற்றோரிடம் பேசிக்கொள்வதாகச் சொன்னார். அந்தக் கட்டமும் குறிப்புக் கட்டமும் நீக்கப்பட்டன. மீதி விவரம், பெயர் குறிப்பிட்டு அனுமதி தரும் பகிர்வில் 3 பேருக்கு மட்டும் திறந்திருக்கிறது.

ஒப்படைப்புப் பட்டியல்

நிரந்தரத் தீர்வு என்ன என்பதில் இரண்டு கருத்துகள். எல்லாப் பள்ளிகளின் தலைமை நிர்வாகக் கணக்கையும் மாகாணத் தலைமை இல்லமே வைத்துக்கொள்ளட்டும் என்பது ஒன்று. அங்கே இதைப் பார்க்க ஆள் இல்லை. தவிர, ஒரு கடவுச்சொல் திருடுபோனால் எல்லாப் பள்ளிகளும் திறந்துவிடும். கீழ்நிலையில் செய்ய முடிந்ததை மேல்நிலை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 1931இல் பதினொன்றாம் பத்திநாதர் தம் சுற்றுமடலில் சொன்ன துணைநிலைக் கொள்கையும் எதிர்த்திசையையே காட்டியது. எனவே அன்றாட அதிகாரம் பள்ளியில், மீட்பு வழி மட்டும் மாகாண இல்லத்தில் என்று முடிவானது.

வடிவம் கொடுத்தது திருச்சபைச் சட்டம்தான். திருச்சபைச் சொத்தை நிர்வகிக்கப் பொறுப்பேற்பவர், பொறுப்பைத் தொடங்கும் முன் சொத்துகளின் துல்லியமான பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்கிறது 1283ஆம் சட்டம். ஒரு படி நிர்வாகத்தின் காப்பகத்தில், இன்னொரு படி ஆயரின் அலுவலகமான ஆயரகத்தின் காப்பகத்தில். மாற்றம் எதுவானாலும் இரண்டு படிகளிலும் குறிக்க வேண்டும். துறவற சபைகளின் சொத்தும் திருச்சபைச் சொத்தே என்கிறது 635ஆம் சட்டம். 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு டொமைனை நினைத்து எழுதப்பட்டதல்ல. ஆனாலும் சகோதரிகளுக்கு இது புதிய தொழில்நுட்ப விதியாகத் தோன்றவில்லை, பழகிய கடமையாகவே தோன்றியது. இப்படி ஏற்கப்பட்ட தொழில்நுட்ப நடைமுறையைக் காண்பது அரிது. இங்கே பட்டியலின் இரண்டாவது பிரதி மாகாண இல்லத்தின் காப்பகத்துக்குப் போனது.

முதல் முயற்சியில் 14 வரிகள் எழுதப்பட்டன. வளாகத்தை ஒருமுறை சுற்றி, ஒவ்வொரு திரைக்கும் கருவிக்கும் யார் சாவி வைத்திருக்கிறார் என்று கேட்டபின் 31 ஆனது. விட்டுப்போனவற்றில் சில: சிற்றாலயத் திருப்பலியை நேரலையாக ஒளிபரப்பிய யூடியூப் அலைவரிசை, ஒரு சகோதரியின் தனிக் கணக்கில் இருந்தது, முகநூல் பக்கத்துக்கு ஒரே நிர்வாகி ஒரு முன்னாள் மாணவி, கண்காணிப்புக் கேமரா பதிவுப்பெட்டியில் உற்பத்தியாளர் வைத்த கடவுச்சொல்லே இருந்தது, 5 வாட்ஸ்அப் குழுக்களில் பழைய தலைமையாசிரியரின் துண்டிக்கப்பட்ட எண் இன்னும் நிர்வாகியாக இருந்தது. கடைசியாகச் சொன்னதில் ஆபத்து உண்டு: துண்டித்த எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போகக்கூடும்.

ஒவ்வொரு வரியிலும் 6 விவரங்கள்: பொருள், எந்தப் பெயரில் பதிவு, தொடர்பு முகவரி, இருபடிச் சரிபார்ப்பின் எண் எங்கே போகிறது, கட்டணம் எங்கிருந்து, காலாவதி எப்போது. கடவுச்சொல் பட்டியலில் எழுதப்படாது. தலைமை நிர்வாகி கணக்குகள் இரண்டும் பதவியின் பெயரில் இருக்கின்றன. அன்றாட வேலைக்குப் பயன்படுத்தப்படுவதில்லை. ஒவ்வொன்றுக்கும், உள்நுழைவை உறுதிசெய்யும் 2 சிறு பாதுகாப்புச் சாவிக்கருவிகள். இருபடிச் சரிபார்ப்புக்கு சிம் எதுவும் இல்லை. ஒவ்வொரு கணக்குக்கும் கிடைக்கும் 10 மாற்றுக் குறியீடுகள் அச்சிடப்பட்டு, ஒட்டிய உறையின் குறுக்கே இருவர் கையெழுத்திட்டு, ஒரு படி பள்ளிப் பெட்டகத்திலும் மற்றது மாகாண இல்லத்திலும் உள்ளன.

ஒப்படைக்கும் வரிசை: வருபவரின் சாவிக்கருவியை முதலில் சேர்க்க வேண்டும், அவர் தனியே ஒருமுறை உள்நுழைந்து காட்ட வேண்டும், பிறகே போகிறவரின் கருவி நீக்கப்படும். மாற்றல் கடிதம் வந்தபின் பல சமயம் சில நாட்களே கிடைக்கும் என்பதால், இதைக் கடைசி நாளுக்குத் தள்ள முடியாது. யூடியூப் அலைவரிசையைப் பொதுக் கணக்கில் மாற்றும்போது இது நன்றாகவே தெரிந்தது: புதியவர் உரிமையாளராகச் சேர்ந்து 7 நாள் கழிந்தால்தான் முதன்மை உரிமையாளராக முடியும்.

10 மாதங்களுக்குப் பின்

டொமைன் அதன் பிறகு விழவில்லை. ஒரே தடவையில் 10 ஆண்டுகளுக்குப் பதிவு செய்ய முடியும் என்றாலும் 2 ஆண்டுக்கே புதுப்பிக்கப்பட்டது. 10 ஆண்டில் குறைந்தது ஒரு முறையாவது தலைமை மாறும். யாரும் ஒருமுறைகூடச் செய்து பார்க்காத வேலை 10ஆம் ஆண்டில் மறக்கப்பட்டே இருக்கும். பட்டியலைச் சரிபார்க்கும் நாளாகச் சபை நிறுவுநரின் திருநாளுக்கு முந்தைய நாள் வைக்கப்பட்டது. அந்த நாளை அந்த இல்லத்தில் யாரும் மறப்பதில்லை.

கல்வியாண்டு முடிவில் துணைத் தலைமையாசிரியர் சகோதரிக்கு மாற்றல் வந்தது. அதுதான் முதல் உண்மையான சோதனை. ஒப்படைப்புக்கு 50 நிமிடம் பிடித்தது. இரண்டு குறைகள் தெரிந்தன. சாவிக்கருவி ஒன்று ஆய்வகச் சாவிக்கொத்தில் கோக்கப்பட்டுத் தொலைந்திருந்தது. இரண்டாவது இருந்ததால் சிக்கல் வரவில்லை, தொலைந்தது கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. இடையில் வாங்கிய 3 சேவைகள் பட்டியலின் பள்ளிப் படியில் இருந்தன, மாகாணப் படியில் இல்லை.

பட்டியல் கசிந்ததற்காக 4 குடும்பங்கள் எழுத்தில் முறையிட்டன. ஒரு குடும்பம் பிள்ளையின் ஆயத்தத்தைப் பள்ளியிலிருந்து பங்குக்கு மாற்றிக்கொண்டது. கணினி ஆசிரியரைப் பற்றிய பேச்சு, தலைமையாசிரியர் ஆசிரியர் கூட்டத்தில் நடந்ததை விளக்கிய பிறகு அடங்கியது. அவர் அந்த சனிக்கிழமை வந்துபோனதற்குப் பயணச் செலவு வாங்க மறுத்துவிட்டார்.

மாற்ற வேண்டியவை

வியாழன் வரை காத்திருந்தது முதல் பிழை. இப்போது அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது: வெளிக் கடிதம் நின்று உள்கடிதம் ஓடினால் ரவுட்டரைத் தொடாதே, டொமைன் தேதியைப் பார், எல்லோருடைய கடவுச்சொற்களையும் ஒட்டுமொத்தமாக மாற்றாதே. வெளிப் பணியாளர் ரவுட்டரில் கைவைத்தால், அவர் போகும் முன் தடுக்கப்பட்ட ஒரு தளத்தைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் வடிகட்டி போய்விட்டது என்று பொருள்.

குழுவின் பக்கத்திலும் ஒரு பிழை உண்டு. பகிர்வுகளைச் சரிபார்த்தது திங்கட்கிழமைக்குப் பிறகுதான். வரையறுக்கப்பட்ட அதிகாரத்தோடு, மறைக்கல்வி ஆசிரியரிடமே நேரில் கேட்டிருந்தால் வியாழனன்றே அந்த இணைப்பு மூடப்பட்டிருக்கும். அது குறைந்தது 4 நாட்கள் கூடுதலாகத் திறந்திருந்தது. இனி எந்தப் பள்ளிக்குப் போனாலும், பழுது எதுவாக இருந்தாலும், முதல் மணி நேரத்தில் கேட்கும் கேள்விகளில் இதுவும் சேர்ந்திருக்கிறது: அருள்சாதனப் பட்டியல் எங்கே இருக்கிறது, யார் யார் அதைப் பார்க்க முடியும்?

விலகும் ஆசிரியருக்கான விடுவிப்புச் சீட்டில் நூலகம், ஆய்வகம், விளையாட்டுப் பொருள் என்று கையெழுத்துக் கட்டங்கள் முன்பே இருந்தன. கோப்புகளின் உரிமை மாற்றப்பட்டதா, பள்ளிக்காகத் தனிப்பெயரில் எடுத்த கணக்கு எதுவும் உண்டா என்று இரண்டு கட்டங்கள் இப்போது கூடியிருக்கின்றன. மாகாணத்தின் மற்றப் பள்ளிகளுக்கும் அதே சீட்டு போனது. அவற்றில் இரண்டு பள்ளிகளின் டொமைன்கள் தனிநபர் பெயர்களில் இருப்பது அந்தக் கட்டங்களை நிரப்பும்போதுதான் தெரியவந்தது.